துப்புரவில் முடங்கிய நுண்செயலி: லினக்ஸ் கர்னல் வரலாற்றில் ஒரு பகுதி

பெரும்பாக்கத்துக்குக் கிழக்கே, மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையை ஒட்டி விரிந்திருக்கும் எல்காட் சிறப்புப் பொருளாதார மண்டலத்திலும், அங்கிருந்து தெற்கே சிறுசேரி வரை பழைய மாமல்லபுரம் சாலையோரம் எழுந்துள்ள அலுவலக வளாகங்களிலும் இரவுப் பணியில் அமர்ந்து, கடல் கடந்த நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு 'சாஃப்ட் லாக்கப்' என்ற சொல் புதிதன்று. கணினியின் நுண்செயலிகளுள் ஒன்று இத்தனை வினாடிகளாக ஒரே வேலையில் சிக்கிக் கிடக்கிறது என்று லினக்ஸ் இயங்குதளம் தன்னைப் பற்றித் தானே பதிவேட்டில் எழுதி வைக்கும் எச்சரிக்கை அது. 'சர்வர் ஹேங் ஆகிவிட்டது' என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்வதும் பல வேளைகளில் இதே நிகழ்வைத்தான். பழுதான வன்பொருள், பிழையான டிரைவர், ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் பூட்டுகள் என்று முடக்கத்துக்குக் காரணங்கள் பல இருப்பினும், அவற்றுள் ஒன்று மட்டும் தனியே ஆராயத்தக்கது: எந்தப் பிழையும் இல்லாத ஒரு நிரல் தன் வேலை முழுவதையும் ஒழுங்காக முடித்துக்கொண்டு வெளியேறும் நேரத்தில், அது பயன்படுத்திய நினைவகத்தைத் திரும்பப் பெறும் துப்புரவுப் பணியிலேயே நுண்செயலி முடங்கிப்போவது. நினைவகத்தை ஒதுக்கித் தருவதே பெரிய வேலை, விடுவிப்பது சில்லறை வேலை என்று இயங்குதளம் கட்டியோர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்; அந்த எண்ணம் படிப்படியாகக் கலைந்த வரலாற்றில் முக்கியமான பகுதி ஒன்று பெங்களூரில் நிகழ்ந்தது என்பது தமிழ்நாட்டுக் கணினி மாணவருள் பலர் அறியாத செய்தி.

கர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. பயனர் காணும் திரை, கோப்புறை, உலாவி ஆகியவற்றுக்கெல்லாம் அடியில் இருந்துகொண்டு, நுண்செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டுத் தருவது அதன் கடமை. நினைவகத்தை அது 'பக்கம்' எனப்படும் சிறு கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட். நிரல் ஒன்று இடம் கேட்கும்போது கர்னல் பக்கங்களை உடனே எடுத்துத் தந்துவிடுவதில்லை. முகவரியை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டு, நிரல் அந்த முகவரியை உண்மையிலேயே தொடும் கணத்தில்தான் ஒவ்வொரு பக்கமாகக் கொடுக்கிறது. ஆகவே ஒரு பெரிய தரவுத்தளம் தனக்கு வேண்டிய நினைவகத்தைப் பெற்று முடிக்கப் பல மணி நேரம், சில வேளைகளில் பல நாள் பிடிக்கிறது. ஆனால் அந்த நிரல் நின்றதும் அவ்வளவு பக்கங்களையும் ஒருசேரத் திரும்பப் பெற்றாக வேண்டியிருக்கிறது. கொடுப்பது சிறுகச் சிறுக, பெறுவது மொத்தமாக என்ற இந்த ஏற்றத்தாழ்வே பின்னர் விளைந்த தொல்லைகள் அனைத்துக்கும் மூலம்.

இத்தொல்லை கணினியுடன் கூடவே பிறந்ததன்று. சென்னை ஐஐடி வளாகத்தில் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1973இல் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டபோது, வேலைகள் துளையட்டைகளில் பதிந்து தரப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுதி முறையில் இயக்கப்பட்டன. அந்த மாதிரி இயந்திரம் தொடக்கத்தில் மெய்நிகர் நினைவகம், அதாவது நிரல் காணும் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றித் தரும் வசதி, இல்லாமலேயே சந்தைக்கு வந்தது. அத்தகைய அமைப்பில் ஒரு வேலைக்குத் தொடர்ச்சியான ஒரு பரப்பு ஒதுக்கப்படும். வேலை முடிந்தால் அந்தப் பரப்பு காலி என்று குறித்துக்கொள்வதோடு துப்புரவு முடிந்துவிடும். எண்ணிப் பார்க்கப் பக்கங்கள் இல்லை; திரைக்கு முன் விடைக்காகக் காத்திருக்கும் பயனரும் இல்லை. விடுவிப்பது சில்லறை வேலை என்ற எண்ணம் அக்காலத்துக்குப் பொருத்தமானதே.

பக்கமுறை வந்தபின் நிலைமை மாறியது. ஒரு பக்கத்தை விடுவிக்க வேண்டுமானால், நிரலின் பக்க அட்டவணையில் அதற்குரிய பதிவை அழிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை வேறு நிரல்களும் பகிர்ந்துகொள்கின்றனவா என்று எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். முகவரி மாற்றங்களை விரைவில் கண்டறிய நுண்செயலி தனக்குள் வைத்திருக்கும் டிஎல்பி என்ற சிறு அட்டவணையிலிருந்து பழைய பதிவை நீக்க வேண்டும். கணினியில் பல நுண்செயலிகள் இருந்தால், அவை ஒவ்வொன்றின் டிஎல்பியிலும் இந்த நீக்கம் நடந்தாக வேண்டும். நீக்கப்படுமுன் பக்கத்தை இன்னொரு நிரலுக்குக் கொடுத்துவிட்டால், ஒருவருடைய தரவு மற்றொருவர் கையில் சிக்கும். பக்கத்துக்குப் பக்கம் இதைச் செய்தால் காலம் வீணாகும் என்பதால், பக்கங்களை ஒரு கட்டாகச் சேர்த்து, டிஎல்பியை ஒருமுறை துடைத்துவிட்டு, பின் கட்டு முழுவதையும் விடுவிக்கும் வழக்கம் ஏற்பட்டது. கட்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்வி, கேட்பதற்கு எளிதாகத் தோன்றினும், இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்காயிற்று.

அது வழக்காகக் காரணம், லினக்ஸ் கர்னலின் தொடக்ககால இயல்பு. பயனரின் நிரல்களை எந்தக் கணத்திலும் இடைநிறுத்தி இன்னொன்றுக்கு நுண்செயலியைக் கொடுக்க ஷெட்யூலருக்கு, அதாவது முறைவைத்து நேரம் பங்கிடும் கர்னல் பகுதிக்கு, அதிகாரம் இருந்தது. ஆனால் கர்னலே தன் வேலையில் இறங்கியிருக்கும்போது அதை யாரும் இடைநிறுத்த முடியாது. அதுவாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. இந்த அமைப்பின் குறையை முதலில் உரக்கச் சொன்னவர்கள் வங்கிகளோ தொலைபேசி நிறுவனங்களோ அல்லர். கணினியில் இசைப்பதிவு செய்ய முயன்றவர்கள். ஒலித்துணுக்குகளைச் சில மில்லி வினாடிகளுக்கு ஒருமுறை தவறாமல் கொண்டுசேர்க்க வேண்டிய அவர்களுக்கு, வேறொரு நிரல் வெளியேறும்போது ஏற்படும் சிறு தடங்கலும் ஒலியில் 'டிக்' என்று விழுந்தது. 1999 முதல் ஹங்கேரியரான இங்கோ மோல்னாரும், அவரை அடுத்து ஆண்ட்ரூ மார்டனும், கர்னலின் நீண்ட வேலைகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் நடுவே 'வேறு யாரேனும் காத்திருந்தால் இங்கே விட்டுக்கொடு' என்னும் நிறுத்தங்களைச் செருகும் திருத்தங்களை வெளியிட்டனர். நிரல் வெளியேறும்போது பக்கங்களை அழிக்கும் பகுதி அந்த நீண்ட வேலைகளில் தவறாமல் இடம்பெற்றது. இந்த நிறுத்தமே பின்னர் 'கான்ட்_ரீஷெட்' என்ற பெயரில் கர்னலெங்கும் பரவிய ஒற்றைவரிக் கட்டளை.

2002 பிப்ரவரியில், ராபர்ட் லவ் பராமரித்துவந்த திருத்தம் 2.5.4 பதிப்பில் சேர்க்கப்பட்டு, கர்னலையும் இடைநிறுத்தத் தக்கதாக அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைத்தது. எனினும் சர்வர்களுக்கான வெளியீடுகள் பெரும்பாலும் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டன. அடிக்கடி இடைநிறுத்தினால் மொத்த வேலையின் வேகம் குறையும் என்ற அச்சம் அதற்குக் காரணம். இரு தரப்பையும் ஒரே நிரல்வரிகளில் நிறைவுசெய்ய முயன்றதன் தடயத்தை 2.6 வரிசையின் நினைவகப் பகுதியில் காணலாம்: இடைநிறுத்தத் தக்க அமைப்பில் 8 பக்கங்கள், அதாவது 32 கிலோபைட் அழித்ததும் நின்று பார்க்க வேண்டும், மற்ற அமைப்பில் 1,024 பக்கங்கள், அதாவது 4 மெகாபைட் அழித்தபின் நின்றால் போதும். ஒரே வேலைக்கு 128 மடங்கு வேறுபாடுள்ள இரண்டு அளவுகள். எது சரி என்பதில் உடன்பாடு இல்லை என்பதையே இது காட்டுகிறது.

இதே காலத்தில் துப்புரவுச் சிக்கல் வேறொரு வாசல் வழியாகவும் கர்னலுக்குள் நுழைந்தது. பல நுண்செயலிகள் ஒரே தரவைப் படிக்கும்போது ஒவ்வொன்றும் பூட்டுக்காகக் காத்திராமல் இருக்க ஆர்சியு என்ற முறை கையாளப்படுகிறது. படிப்பவர் பூட்டின்றிப் படித்துக்கொண்டே இருக்க, திருத்துபவர் தரவின் நகல் ஒன்றைத் திருத்தி, பழையதன் இடத்தில் புதியதை வைத்துவிடுகிறார். பழையதை இன்னும் யாரேனும் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால், எல்லா நுண்செயலிகளும் ஒருமுறையேனும் அதைக் கைவிட்டுக் கடந்துவிட்டன என்று உறுதியாகும் வரை காத்திருந்து, பிறகுதான் பழைய நகலின் நினைவகம் விடுவிக்கப்படுகிறது. சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னி உள்ளிட்டோர் 1990களில் வளர்த்த இந்த முறை, 1999இல் அந்நிறுவனத்தை ஐபிஎம் வாங்கியபின் லினக்ஸை நோக்கித் திரும்பியது. அதை லினக்ஸுக்கு ஏற்ப எழுதியவர் ஐபிஎம்மின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த தீபங்கர் சர்மா. 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் அது கர்னலுக்குள் சேர்ந்தது. அடுத்து, கோப்புப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் பகுதியை அவருடைய சக பொறியாளர் மனீஷ் சோனி ஆர்சியு முறைக்கு மாற்றினார். மென்பொருள் துறையில் இந்தியா என்றால் பிறர் வகுத்ததைப் பராமரிக்கும் கூலிவேலை என்று பேசப்பட்ட ஆண்டுகள் அவை. பெங்களூரில் அமர்ந்து கர்னலின் நடுநாடியைத் திருத்தி எழுதிய இந்தச் சிறு குழுவைப் பற்றி அப்போதும் அதிகம் பேசப்படவில்லை.

ஆர்சியு முறையில் விடுவிப்பு தள்ளிப்போடப்படுகிறது. தள்ளிப்போட்ட வேலை குவியும். 'இன்னதை விடுவி' என்று எழுதிவைக்கப்படும் ஒவ்வொரு குறிப்புக்கும் கால்பேக் என்று பெயர். காத்திருப்புக் காலம் முடிந்ததும், குவிந்திருந்த ஆயிரக்கணக்கான கால்பேக்குகளை நுண்செயலி ஒரே மூச்சில் நிறைவேற்றியது. அதுவும் சாஃப்ட்ஐஆர்க்யூ எனப்படும் நிலையில், அதாவது வன்பொருள் குறுக்கீட்டை ஒட்டி நடக்கும், சாதாரண நிரல்கள் எதுவும் குறுக்கே வர முடியாத நிலையில். மில்லி வினாடிக்கும் குறைந்த நேரத்தில் விடை தர வேண்டிய பயன்பாடுகளுக்கு இது ஒத்துவரவில்லை. 2004இல் பாஸ்டனில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் சர்மாவும் மெக்கென்னியும் இந்தத் தாமதத்தை அளந்து, அதைக் குறைக்கும் வழிகளை ஒரு கட்டுரையாக முன்வைத்தனர். கர்னலில் சேர்ந்த தீர்வு எளிமையானது: ஒரு தடவைக்கு 10 கால்பேக்குகள் மட்டும், மிச்சம் அடுத்த தடவைக்கு.

ஓராண்டு கடந்ததும் அந்த எளிமையே வினையாயிற்று. 2.6.14 பதிப்பு உருவாகிக்கொண்டிருந்தபோது, திறந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் கர்னல் வைத்திருக்கும் குறிப்பும் ஆர்சியு வழியாக விடுவிக்கப்படுமாறு மாற்றப்பட்டிருந்தது. ஒரு நிரல் கோப்புகளைத் திறப்பதும் மூடுவதுமாக இடைவிடாமல் சுழன்றால், மூடப்பட்ட கோப்புகளின் குறிப்புகள் பத்துப் பத்தாக மட்டுமே விடுவிக்கப்பட, வரிசை எல்லையின்றி வளர்ந்து, கணினியில் திறக்கத்தக்க கோப்புகளின் உச்சவரம்பைத் தொட்டது. உண்மையில் திறந்திருந்த கோப்பு ஒன்றிரண்டே. கணக்கில் மட்டும் ஆயிரமாயிரம். 2005 அக்டோபரில் லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே தலையிட்டு, வரம்பை 10இலிருந்து 10,000ஆக உயர்த்தினார். கட்டுப்பாடு என்ற பெயரில் விடுவிப்பைத் தடுத்தால் வரிசை கட்டுக்கடங்காமல் போகும், ஆகவே அந்த அணுகுமுறையே செல்லாது என்பது அவருடைய வாதம்.

பெரும்பாக்கம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் வட்டாரத்து ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடையும் அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்கு வேண்டிய அளவு மட்டும் திறந்து வைத்த மதகு மற்ற மாதங்களில் சரியே. ஐப்பசி அடைமழையிலும் அதே அளவைப் பிடித்துக்கொண்டு நின்றால் கரை உடைபடும் என்பதால்தான் ஏரிக்குக் கலங்கல் என்ற ஒன்றையும் சேர்த்துக் கட்டினார்கள்.

கர்னலுக்கான கலங்கலை 2006 மார்ச்சில் சர்மாவே எழுதினார். அந்த ஆண்டு வெளிவந்த 2.6.16 பதிப்பில் அது இடம்பெற்றது. இயல்பான நேரத்தில் ஒரு தடவைக்கு 10 கால்பேக்குகள் என்ற பழைய அளவு திரும்ப வந்தது. ஆனால் ஒரு நுண்செயலியில் காத்திருப்பவை 10,000ஐத் தாண்டினால் அந்த வரம்பு முற்றிலும் நீக்கப்பட்டு, மற்ற நுண்செயலிகளும் விரைந்து கடந்துபோகுமாறு தூண்டப்பட்டன. வரிசை வற்றி 100க்குக் கீழே வந்தபின்தான் பழைய வரம்பு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 10, 10,000, 100 என்ற இந்த மூன்று எண்களில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது. முதல் தீர்வு பயனரின் காத்திருப்பை மட்டும் பார்த்தது; இரண்டாவது குவிந்த வேலையை மட்டும் பார்த்தது; மூன்றாவது, எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தந்த நேரத்து வரிசையின் நீளத்திடமே விட்டது. டோர்வால்ட்ஸின் தலையீடு தேவையானதுதான். ஆனால் அது முதலுதவி. வைத்தியம் என்று சொல்லத்தக்கது சர்மாவின் திருத்தமே. பிற்காலத்தில் ஆர்சியு பலமுறை மாற்றி எழுதப்பட்டும் இந்த எண்களும் அவற்றின் பெயர்களும் நிலைத்திருப்பது அதற்குச் சான்று.

முடக்கம் நேர்கிறது என்பதைக் கண்டறியும் கருவியும் இதே 2005இல்தான் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. அதுவரை, கர்னல் ஒரு வேலையில் மூழ்கிக் கிடந்தால், பயனர் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு தடயம் மிஞ்சாது. மோல்னார் 2.6.14 பதிப்புக்காக எழுதிய வாட்ச்டாக், அதாவது காவல் நிரல், ஒவ்வொரு நுண்செயலியிலும் உச்ச முன்னுரிமையுடன் அவ்வப்போது விழித்து, 'இன்னும் முறை கிடைக்கிறது' என்று நேரத்தைக் குறித்துவிட்டு உறங்கப்போகும். கடிகாரக் குறுக்கீடு அந்தக் குறிப்பைச் சோதிக்கும். குறிப்பு பழையதாகிவிட்டால், யாரோ நுண்செயலியை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இது சாஃப்ட் லாக்கப். குறுக்கீடுகளே நுழைய முடியாதபடி நுண்செயலி அடைபட்டால் அது ஹார்ட் லாக்கப். அதைக் கண்டறியத் தடுக்கவே முடியாத தனிவகைக் குறுக்கீடு வேண்டும். 2010இல் ரெட்ஹேட்டைச் சேர்ந்த டான் சிக்கஸ் இவ்விரண்டு காவல்களையும் ஒன்றாக்கினார். முதலில் 10 வினாடியாக இருந்து, பின் 60 வரை உயர்ந்திருந்த சாஃப்ட் லாக்கப் வரம்பு, 2011இல் மன்தீப் சிங் பெய்ன்ஸ் செய்த மாற்றத்தால் 20 வினாடியாக இறங்கியது; சிறு மடிக்கணினிகளுக்கு 60 வினாடி மிக நீண்ட காலம் என்பது அவர் சொன்ன காரணம்.

வரம்பு 20 என்றால் எச்சரிக்கையில் பெரும்பாலும் 22 அல்லது 23 வினாடி என்றே வருவது ஏன் என்ற ஐயம், பதிவேடுகளைப் படிப்போருக்கு எழுவதுண்டு. காவல் நிரல் 4 வினாடிக்கு ஒருமுறைதான் சோதிக்கிறது என்பது பாதி விடை. மறுபாதி சுவையானது. கர்னலின் கடிகாரம் நானோ வினாடிகளில் ஓடுகிறது. அதை வினாடியாக்க நூறு கோடியால் வகுக்க வேண்டும். வகுத்தல் செலவு மிகுந்த வேலை என்பதால், காவல் நிரல் இரும எண்ணை 30 இடங்கள் வலப்புறம் தள்ளிவிடுகிறது. அது 107,37,41,824ஆல் வகுப்பதற்குச் சமம். ஆகவே காவல் நிரலின் 'வினாடி' உண்மை வினாடியைவிட ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல் நீண்டது. உண்மையில் 20 வினாடி கடந்த சோதனையில் அதன் கணக்குப்படி 19கூட நிறையவில்லை. அடுத்த சோதனை 24ஆம் வினாடியில் வரும்போது கணக்கு 22.35. எச்சரிக்கை அச்சிடும் 22, மெய்யான 24 வினாடி முடக்கத்தின் கணக்கு. அதற்கு அடுத்த சோதனையில் 26 என்று வருவதும் இதனால்தான்.

இந்த எச்சரிக்கைகளைப் படிக்கும் தலைமுறை தென்சென்னைப் புறநகர்களில் உருவானதற்கும் ஒரு சிறு பின்னணி உண்டு. 1949இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்ஐடி கல்லூரி வளாகத்தில் இயங்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையமும், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் சேர்ந்து, கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் தொடங்கின. அம்முயற்சியின் விளைவாக டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியாயிற்று. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. 2018இல் சென்னை ஐஐடியின் சக்தி நுண்செயலியும் லினக்ஸை ஏற்றி ஓடியது. எனினும் மாணவர் கையில் இருந்த மடிக்கணினியில் இந்தக் கட்டுரை பேசும் முடக்கம் தெரிய வாய்ப்பே இல்லை. அதன் 2 ஜிகாபைட் நினைவகம் என்பது 5,24,288 பக்கங்கள்; ஒரு பக்கத்தை விடுவிக்க ஒரு மைக்ரோ வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிப்பதாக வைத்துக்கொண்டால், முழுவதையும் விடுவிக்க வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அதே கணக்கில் 400 ஜிகாபைட் வைத்திருக்கும் சர்வருக்கு 10 கோடியே 48 லட்சம் பக்கங்கள். ஏறத்தாழ 21 வினாடி. காவல் நிரலின் வரம்பு 20.

அந்த அளவுள்ள நிரல்கள் புழக்கத்துக்கு வந்த நேரத்தில், கட்டின் அளவுக்கு இருந்த தடை கர்னலிலிருந்து நீங்கியிருந்தது. 2011இல் பீட்டர் சைல்ஸ்ட்ரா பக்கங்களைச் சேர்த்துக் கட்டும் பகுதியைத் திருத்தி எழுதினார். விடுவிக்க வேண்டிய பக்கங்களின் முகவரிகளை எழுதிவைக்க ஒரு பக்கத்தையே ஏடாக எடுத்து, அது நிரம்பினால் இன்னோர் ஏட்டைக் கோத்து, இடம் கிடைக்கும் வரை நீட்டிக்கொண்டே போகலாம் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. 64 பிட் கணினியில் ஓர் ஏட்டில் 510 முகவரிகள் கொள்ளும். டிஎல்பியைத் துடைக்கும் செலவு இதனால் குறைந்தது உண்மை. ஆனால் பெரிய சர்வரில் ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. கோத்த ஏடுகள் அனைத்தையும் விடுவிக்கும் இறுதிக்கட்டத்தில் நிறுத்தம் ஒன்றுகூட இல்லை. பல நூறு ஜிகாபைட் நினைவகம் கொண்ட ஒரு நிரல் வெளியேறும்போது முடக்க எச்சரிக்கை எழுந்தது பற்றிய புகார், சூசே நிறுவனத்தில் பணியாற்றிய மிகால் ஹாக்கோவை எட்டியது. முடக்கம் தானாகவே தீர்ந்துவிடும். ஆனால் முடக்கம் கண்டால் கர்னலையே நிறுத்திவிடும்படி சர்வரை அமைத்துவைப்பது பெரிய நிறுவனங்களில் அரிதான பழக்கமன்று. அங்கே, ஒழுங்காக வேலை முடித்த ஒரு நிரலின் வெளியேற்றம் சர்வர் முழுவதையும் வீழ்த்திவிடும்.

ஹாக்கோ 2012 டிசம்பரில் எழுதிய திருத்தம் ஒரு கட்டில் சேரும் பக்கங்களை ஏறக்குறைய 10,000 என்று வரையறுத்தது. 510 முகவரிகள் கொண்ட 19 ஏடுகள் என்பதால், துல்லியமாகச் சொன்னால் 9,690. 20 வினாடியை 10,000 பக்கங்களுக்குப் பங்கிட்டால் ஒரு பக்கத்துக்கு 2 மில்லி வினாடி கிடைக்கும். எவ்வளவு மந்தமான நுண்செயலிக்கும் அது தாராளம். காவல் நிரலின் வரம்பே இங்கு துப்புரவின் அளவுகோலாகிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். எச்சரிக்கை எழாதிருக்க எவ்வளவு செய்யலாம் என்ற கேள்விக்குத்தான் இத்திருத்தம் விடை தந்தது. காத்திருப்பவருக்கு எவ்வளவு தாமதம் தாங்கும் என்ற இசைப்பதிவாளர்களின் பழைய கேள்விக்கு அன்று. குறையை உணர்ந்தே பின்னர் வந்தவர்கள் அதைத் தொடர்ந்தனர்: 2022இல் ஜியான்சிங் வாங் செய்த மாற்றத்தின்படி, கட்டு எவ்வளவு பெரிதாக இருப்பினும் 512 பக்கங்களுக்கு ஒருமுறை நின்று, காத்திருப்போர் உண்டா என்று பார்த்த பின்னரே விடுவிப்பு தொடர்கிறது.

இவ்வாறு முடக்கம் கண்ட இடத்திலெல்லாம் ஒரு நிறுத்தத்தைச் செருகிச் செருகி, கர்னலில் கான்ட்_ரீஷெட் வரிகள் ஆயிரத்துக்கும் மேல் பெருகின. அவற்றுள் எது இன்னும் தேவை, எது பழைய காயத்தின் தழும்பு என்று எவராலும் அறுதியிட முடியாத நிலை. 2023இல் ஆரக்கிள் நிறுவனத்தின் அங்கூர் அரோரா, பெரும்பக்கங்களை, அதாவது வழக்கமான பக்கத்தைவிடப் பன்மடங்கு பெரிய கூறுகளை, துடைத்துப் பூச்சியமாக்கும் வேலையை விரைவுபடுத்த முனைந்தபோது இந்த முறையின் அடிப்படைக் குறை வெளிப்பட்டது. இன்றைய நுண்செயலிகளில் ஒரே ஆணை ஒரு பெரிய பரப்பு முழுவதையும் துடைத்துவிடும். பரப்பு பெரிதாகப் பெரிதாக வேகமும் கூடும். ஆனால் ஓர் ஆணையின் வயிற்றுக்குள் நிறுத்தத்தைச் செருக முடியாது. நிறுத்தம் வேண்டுமென்றால் பரப்பைத் துண்டாக்க வேண்டும். துண்டாக்கினால் வேகம் போகும். இதையொட்டி எழுந்த விவாதத்தில் தாமஸ் கிளைக்ஸ்னர் முதலானோர், எங்கே விட்டுக்கொடுப்பது என்பதை வரிக்கு வரி எழுதிவைப்பதைக் கைவிட்டு, அந்த முடிவை ஷெட்யூலரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று வலியுறுத்தினர். அவசரமில்லாத நேரத்தில் கர்னலுக்கு அடுத்த கடிகாரத் துடிப்பு வரை தவணை தந்து, அதற்குள் விட்டுக்கொடுக்காவிட்டால் வலிந்து நிறுத்தும் இந்த 'லேசி' முறையை சைல்ஸ்ட்ரா எழுதி, 2025 ஜனவரியில் வெளிவந்த 6.13 பதிப்பில் சேர்த்தார். 2011இல் கட்டுக்கிருந்த எல்லையை நீக்கியவரே எல்லைகளே தேவைப்படாத முறையையும் தர நேர்ந்தது வரலாற்றின் பொருத்தங்களுள் ஒன்று. பழைய நிறுத்தங்கள் உடனே களையப்படவில்லை. பழைய அமைப்பில் இயங்கும் சர்வர்கள் உள்ளவரை அவை தேவைப்படும்.

இயங்குதளம் பற்றிக் கல்லூரிகளில் நடத்தப்படும் பாடம் பெரும்பாலும் நினைவகத்தை எப்படி ஒதுக்குவது, எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது, பூட்டுகள் எப்படி ஒன்றையொன்று அடைத்துக்கொள்கின்றன என்பவற்றோடு நின்றுவிடுகிறது. விடுவிப்புக்கு அதில் ஒரு வகுப்பு நேரம்கூடக் கிடைப்பதில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, சோழிங்கநல்லூர் வட்டாரக் கல்லூரிகளில் படித்து அதே வட்டாரத்து அலுவலகங்களில் சர்வர்களைப் பராமரிக்கப் போகிறவர்களுக்கு, 10 என்ற வரம்பு வந்ததையும், அது 10,000ஆனதையும், பின் இரண்டும் சேர்ந்து ஓர் ஒழுங்கானதையும் மூன்று திருத்தங்களாகவே வைத்துக் கற்பிக்கலாம். ஆசிரியர்கள் அதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். மூலங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை: லினக்ஸ் கர்னலின் இன்றைய கிட் களஞ்சியம் 2005 ஏப்ரலில், 2.6.12 பதிப்பு முழுமை பெறுமுன் தொடங்குவதால், டோர்வால்ட்ஸின் 2005 அக்டோபர் மாற்றமும் சர்மாவின் 2006 மார்ச் மாற்றமும், அவரவர் எழுதிய விளக்கங்களுடன், எவரும் பதிவிறக்கிப் படிக்கும்படி அதில் அப்படியே இருக்கின்றன.